இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங், கார்ப்பரேட் பைனான்ஸ்: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், வேலை எல்லை தாண்டிக் கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். வேலந்தாவளம் வழியாகப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பி.காம். பிள்ளைகளும், வருமான வரிக் கணக்கோடு வீட்டுக்கு வரும் ஆலைக்காரர்களும், ஐ.பி.ஓ.வுக்கு, அதாவது ஒரு கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் வெளியீட்டுக்கு, விண்ணப்பம் போட்டுவிட்டு யோசிக்கும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் உள்ள பதில்களைத் தாண்டிவிட்டுப் பின்னால் உள்ளவற்றைப் படித்தால் சில இடங்கள் புரியாமல் போகலாம்.

அக்கா, இன்வெஸ்ட்மென்ட் பேங்க்கில் நாம் போய்க் கணக்குத் தொடங்க முடியுமா?

முடியாது. அங்கே பாஸ்புக்கும் இல்லை, டெபாசிட்டும் இல்லை. பணம் தேவைப்படும் கம்பெனியையும் பணம் வைத்திருப்பவர்களையும் சேர்த்துவைத்து, அந்தப் பேரத்தை முடித்துக் கொடுத்துக் கட்டணம் வாங்குவதுதான் அதன் தொழில். பங்கு வெளியீடு, கடன் பத்திர வெளியீடு, ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்குவது, விற்பது, இணைவது எல்லாம் இதற்குள் வரும். இந்தியாவில் இந்த வேலையைச் செய்ய, 1992ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் ‘மெர்ச்சன்ட் பேங்கர்’ என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். கோட்டக் மஹிந்திரா கேப்பிட்டல், எஸ்.பி.ஐ. கேப்பிட்டல் மார்க்கெட்ஸ், ஆக்சிஸ் கேப்பிட்டல், ஜே.எம். ஃபைனான்ஷியல் ஆகியவை நீங்கள் விண்ணப்பப் படிவத்தில் பார்த்திருக்கக்கூடிய பெயர்கள்.

அமெரிக்காவில் 1933இல் வந்த கிளாஸ்-ஸ்டீகல் சட்டம், டெபாசிட் வாங்கும் வங்கியையும் பத்திரம் விற்கும் வங்கியையும் பிரித்துவைத்தது. அந்தத் தடையின் முக்கியமான பகுதிகள் 1999இல் நீக்கப்பட்டன. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற இன்வெஸ்ட்மென்ட் பேங்க் விழுந்த சில நாட்களில், அதே தொழிலில் இருந்த கோல்ட்மேன் சாக்ஸ், மார்கன் ஸ்டான்லி இரண்டுமே வங்கி நிறுவனங்களுக்குரிய கண்காணிப்புக்குள் வந்தன.

அப்படியானால் கார்ப்பரேட் பைனான்ஸ் என்பதும் இதுதானா?

இல்லை. கார்ப்பரேட் பைனான்ஸ் என்பது கம்பெனியின் உள்ளே உட்கார்ந்து யோசிப்பது. எதில் பணம் போடலாம், அந்தப் பணத்தை எங்கிருந்து கொண்டுவரலாம், கிடைத்த லாபத்தைப் பங்குதாரருக்குக் கொடுக்கலாமா, தொழிலிலேயே வைத்துக்கொள்ளலாமா? இந்த மூன்றும்தான் அதன் கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு விடை பெரிய தொகையாக வந்துவிட்டால் இன்வெஸ்ட்மென்ட் பேங்கரைக் கூப்பிடுவார்கள். படிக்கும்போது கார்ப்பரேட் பைனான்ஸை முதலில் படியுங்கள். பேங்கிங்கின் பகட்டில் மயங்கி நேரே அதற்குப் போனவர்கள் விலைமதிப்பீடு வந்ததும் திணறுவதைப் பார்க்கிறேன்.

அம்மணி, பத்து லட்சத்துக்குப் புது எக்ஸ்பெல்லர் வாங்கினால் வருஷம் மூன்று லட்சம் மிச்சமாகும் என்கிறார்கள். ஐந்து வருஷத்தில் பதினைந்து லட்சம். வாங்கலாம்தானே?

கேட்டவர் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். எக்ஸ்பெல்லர் என்பது எண்ணெய் பிழியும் இயந்திரம். இந்த ஒரு கேள்வியில் பாதிப் பாடமே அடங்கியிருப்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஐந்தாம் வருஷம் கைக்கு வரும் மூன்று லட்சமும் இன்று கையில் இருக்கும் மூன்று லட்சமும் ஒன்றல்ல என்பது வட்டிக்குப் பணம் வாங்கிய எவருக்கும் தெரியும். நம் ஊர்க் கணக்கில் ஒரு ரூபாய் வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷக் கடைசியில் வரும் மூன்று லட்சத்தை 1.12ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பு 2.68 லட்சம். இரண்டாம் வருஷத்துக்கு இருமுறை வகுக்க வேண்டும்: 2.39 லட்சம். இப்படியே 2.14, 1.91, 1.70 என்று இறங்கும். கூட்டினால் சுமார் 10.81 லட்சம். போட்ட பத்து லட்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 81,000 ரூபாய். இதற்கு நிகர இன்றைய மதிப்பு என்று பெயர். பூஜ்யத்துக்கு மேலே இருப்பதால் வாங்கலாம்.

அதே பணத்தை ஒன்றரை ரூபாய் வட்டிக்கு, அதாவது 18 சதவீதத்துக்கு வாங்கினால்? ஐந்து வருஷ வரவின் இன்றைய மதிப்பு 9.38 லட்சமாகச் சுருங்கிவிடும். பத்து லட்சம் போட்டு 62,000 ரூபாய் நஷ்டம். எக்ஸ்பெல்லர் அதேதான், கொப்பரை அதேதான். பணத்தின் விலை மட்டும்தான் மாறியது. ‘பதினைந்து லட்சம் வருகிறதே’ என்ற வாதம் அடிபட்டுப் போகும் இடம் இது.

அந்த 12 சதவீதத்தை யார் சொன்னார்கள்? புத்தகத்தில் எப்போதும் கொடுத்தே விடுகிறார்கள்.

நல்ல கேள்வி. தேர்வுத்தாளில் கொடுத்துவிடுவார்கள், தொழிலில் யாரும் கொடுக்கமாட்டார்கள். ஒரு கம்பெனி தன் பணத்தில் 40 சதவீதத்தைக் கடனாகவும் 60 சதவீதத்தைப் பங்குதாரரிடமிருந்தும் திரட்டியிருக்கிறது என்று வையுங்கள். கடனுக்கு வட்டி 10 சதவீதம். கட்டும் வட்டியைச் செலவாகக் காட்டலாம் என்பதால், வரி 25 சதவீதம் என்றால் உண்மையான செலவு 7.5 சதவீதம்தான். பங்குதாரர் எதிர்பார்ப்பது 15 சதவீதம். 7.5இல் 40 சதவீதம் 3, பங்குதாரர் கேட்கும் 15இல் 60 சதவீதம் 9, கூட்டினால் 12. இதுதான் மூலதனத்தின் சராசரிச் செலவு.

சிக்கல் அந்த 15இல் இருக்கிறது. கடனுக்கான வட்டி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். பங்குதாரரின் எதிர்பார்ப்பு எங்கும் எழுதியிருக்காது. அரசுப் பத்திரத்தில் கிடைக்கும் வட்டியோடு, இந்தத் தொழிலின் ஆபத்துக்கு ஏற்ற கூடுதல் ஒன்றைச் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். ‘என் சொந்தப் பணம்தானே, அதற்கு ஏது செலவு?’ என்று ஆலைக்காரர் கேட்டார். அதே பணம் வேறிடத்தில் சம்பாதித்திருக்கக்கூடியதுதான் அதன் செலவு.

கடன்தான் மலிவு என்றால் முழுக்கக் கடன் வாங்கியே தொழில் நடத்தலாமே?

1958இல் மோடிக்லியானி, மில்லர் என்ற இருவர் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். வரியும் திவாலாகும் செலவும் இல்லாத உலகத்தில், கடன் எவ்வளவு, பங்குதாரர் பணம் எவ்வளவு என்பதால் கம்பெனியின் மொத்த மதிப்பு மாறாது. கடன் கூடக் கூடப் பங்குதாரரின் ஆபத்தும் கூடும். அவர்கள் 15க்குப் பதில் 20 கேட்பார்கள். கடனில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

நிஜ உலகத்தில் வரி இருப்பதால் ஓரளவு கடன் லாபம்தான். திவாலும் இருப்பதால் அளவு மீறினால் ஆபத்து. கொப்பரை விலை ஒரு பருவத்தில் தலைகீழாகப் புரளும் தொழிலில், மாதாமாதம் வந்து நிற்கும் வட்டி யாருடைய நல்ல வருஷத்துக்காகவும் காத்திருக்காது.

கணக்கில் லாபம் காட்டும் கம்பெனி சம்பளம் போட முடியாமல் நிற்பது எப்படி?

லாபம் வேறு, ரொக்கம் வேறு. அதே ஆலையை எடுத்துக்கொள்வோம். மாதம் 30 லட்ச ரூபாய்க்கு எண்ணெய் போகிறது. கொப்பரைக்குக் கையோடு பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் கடைகள் 45 நாள் கழித்துத்தான் தருகின்றன. ஆக, எந்த நாளில் பார்த்தாலும் 45 லட்சம் வெளியே நிற்கும். விற்பனை 40 லட்சமாக உயர்ந்தால் வெளியே நிற்பது 60 லட்சமாகும். தொழில் வளர்ந்ததாலேயே 15 லட்சம் கூடுதலாகத் தேடவேண்டியிருக்கிறது. இதை நடைமுறை மூலதனம் என்கிறோம். ஆண்டறிக்கையைத் திறந்தால் லாப நஷ்டக் கணக்குக்கு முன்னால் ரொக்க ஓட்ட அறிக்கையைப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

ஐ.பி.ஓ.வில் நாம் போடும் பணம் கம்பெனிக்குத்தானே போகிறது?

பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்கிறார்கள். பங்கு இரண்டு வகையாக வரும். புதிதாக அச்சிட்டதுபோல வரும் பங்கின் பணம் கம்பெனிக்குப் போகும். ஏற்கெனவே இருக்கும் பங்குதாரர் தன் பங்கை விற்றால், அதாவது ஆஃபர் ஃபார் சேல் என்றால், பணம் அவர் பைக்குப் போகும், கம்பெனிக்கு ஒரு பைசா வராது.

பக்கத்துத் திருச்சூரிலிருந்தே இரண்டு உதாரணங்கள் உண்டு. சி.எஸ்.பி. வங்கி 2019 இறுதியில் சுமார் 410 கோடிக்கு வெளியீடு நடத்தியது. அதில் புதிய பங்கு வெறும் 24 கோடிக்குத்தான். மீதி எல்லாம் பழைய பங்குதாரர்கள் விற்றது. 2021 மார்ச்சில் வந்த கல்யாண் ஜுவல்லர்ஸ் வெளியீட்டின் அளவு 1,175 கோடி, அதில் 800 கோடி புதிய பங்கு. நம் பக்கத்து மாநிலத்தில், ஸ்ரீபெரும்புதூரில் கார் செய்யும் ஹூண்டாயின் 2024 வெளியீடு சுமார் 27,870 கோடி. அத்தனையும் கொரியாவிலுள்ள தாய்க் கம்பெனி விற்றது. பழையவர் விற்பதாலேயே அது கெட்ட வெளியீடு ஆகிவிடாது. ஆனால் ‘கம்பெனி விரிவாக்கத்துக்குப் பணம் திரட்டுகிறது’ என்று யாராவது சொன்னால், எத்தனை கோடி யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் எந்தப் பேரத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

பங்கின் விலையை யார் முடிவு செய்கிறார்கள்? செபியா?

ஒரு காலத்தில் அரசு முடிவு செய்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி நிதியமைச்சகத்தில் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் என்று ஓர் அதிகாரி இருந்தார். 1992இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. இப்போது கம்பெனியும் மெர்ச்சன்ட் பேங்கரும் சேர்ந்து ஒரு விலை வரம்பை அறிவிக்கிறார்கள். மேல்விலை கீழ்விலையைவிட 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. முதலீட்டாளர்கள் எந்த விலைக்கு எத்தனை பங்கு வேண்டும் என்று கேட்பதைப் பார்த்து இறுதி விலை வைக்கப்படுகிறது.

லாப நிபந்தனைகளைப் பூர்த்தி செய்த கம்பெனி என்றால் சில்லறை முதலீட்டாளருக்கு 35 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். பூர்த்தி செய்யாத கம்பெனி வந்தால் பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தது 75 சதவீதம், நமக்கு அதிகபட்சம் 10 சதவீதம். விளம்பரத்தில் ‘சில்லறைப் பங்கு 10 சதவீதம்’ என்று இருந்தால், அந்தக் கம்பெனி லாபக் கணக்கில் தேறாமல் வேறு வழியாக வருகிறது என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆவணத்தின் ஆயிரம் வரிகளைவிட இந்த ஒரு எண் சில சமயம் அதிகம் சொல்லும்.

செபி அனுமதித்துவிட்டது என்றால் பயமில்லையே?

செபி பார்ப்பது, சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார்களா என்பதை. கம்பெனி நல்லதா, விலை நியாயமா என்று அது சான்று கொடுப்பதில்லை. ஆவணத்திலேயே அப்படி ஒரு பத்தி இருக்கும், யாரும் படிப்பதில்லை. 2012இல் தொடங்கிய சிறு நிறுவனச் சந்தைகளில் வரும் வெளியீடுகளின் ஆவணங்களைப் பங்குச்சந்தையே பார்த்து அனுப்புகிறது. அங்கே இன்னும் கூடுதல் கவனம் தேவை.

கிரே மார்க்கெட்டில் நூறு ரூபாய் அதிகம் போகிறதாம், வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள்.

பங்கு சந்தைக்கு வரும் முன்பே, சட்டத்தின் கண்காணிப்புக்கு வெளியே, ஆள் பேச்சை நம்பி நடக்கும் வியாபாரத்தின் விலை அது. கல்யாண் ஜுவல்லர்ஸ் பங்கு 87 ரூபாய்க்கு விற்கப்பட்டு முதல் நாளே 74 ரூபாய்க்கு அருகில் தொடங்கியது. பிறகு பல மடங்கு ஏறியது. முதல் நாள் விலை கம்பெனியைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்பதற்கு இது போதும். ‘ஒதுக்கீடு நிச்சயம், எங்களுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று வரும் செய்தி மோசடி. உண்மையான விண்ணப்பத்தில் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடக்கப்பட்டிருக்கும், பங்கு கிடைத்தால் மட்டுமே எடுக்கப்படும்.

ஒரு முழுக் கம்பெனிக்கு விலை போடுவது எப்படி? லாபத்தை எட்டால் பெருக்குவது என்கிறார்களே?

அது ஒரு வழி. வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தை எபிட்டா என்பார்கள். அதே தொழிலிலுள்ள மற்றக் கம்பெனிகள் எபிட்டாவைப்போல எட்டு மடங்குக்கு விலைபோகின்றன என்றால், 20 கோடி எபிட்டா உள்ள கம்பெனியின் மதிப்பு 160 கோடி. ஆனால் இது தொழிலின் மதிப்பு, பங்குதாரரின் பங்கு அல்ல.

அடமானத்தில் இருக்கும் தென்னந்தோப்பை வாங்குவதுபோலத்தான். தோப்பின் விலை ஒன்று, பாங்கிக் கடனைத் தீர்த்தபின் உடையவர் கைக்கு வருவது வேறொன்று. 50 கோடி கடனும் 10 கோடி ரொக்கமும் இருந்தால், 160இல் 50ஐக் கழித்து 10ஐக் கூட்ட வேண்டும். பங்குதாரருக்கு 120 கோடி. நேர்காணல்களில் இந்தக் கணக்கைத் திருப்பிப்போட்டும் கேட்பார்கள்.

இந்தியா சிமென்ட்ஸ் பங்கை இன்னொரு சிமென்ட் கம்பெனியான அல்ட்ராடெக் முதலில் 267 ரூபாய்க்கு வாங்கி, அடுத்த மாதமே 390 கொடுத்தது ஏன்? ஏமாந்துவிட்டார்களா?

ஏமாறவில்லை. 2024 ஜூனில் அதிகபட்சம் 267 ரூபாய் விலையில் வாங்கியது சுமார் 23 சதவீதப் பங்கு. அதை வைத்துக்கொண்டு பங்காளியாக உட்காரலாம், நிர்வாகம் கைக்கு வராது. ஜூலையில் ஒப்பந்தமானது நிறுவனர் தரப்பின் 32.72 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் பாதிக்கு மேல். ஆலைகளும் அவற்றின் சந்தையும் யார் சொல்படி நடக்கும் என்ற அதிகாரத்துக்குத்தான் கூடுதல் விலை. தாழையூத்து சங்கர்நகர் ஆலையில் தொடங்கிய கம்பெனி இப்படித்தான் கைமாறியது.

இதில் சிறு பங்குதாரருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. 2011ஆம் ஆண்டுக் கையகப்படுத்தல் விதிகளின்படி ஒருவர் 25 சதவீதத்தைத் தாண்டினால், மற்றவர்களிடமிருந்து குறைந்தது இன்னும் 26 சதவீதம் வாங்க முன்வர வேண்டும், நிறுவனருக்குக் கொடுத்த விலைக்குக் குறையாமல். ஆகவே வெளியில் இருந்தவர்களுக்கும் 390 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஜூனில் வாங்கியது 25க்குக் கீழே நின்றது தற்செயலா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். (நம் வாளையாறு மலபார் சிமென்ட்ஸை யாராவது இப்படி வாங்குவார்களா என்று கேட்டார்கள். அது கேரள அரசின் நிறுவனம். பங்குச்சந்தையிலேயே இல்லை.)

டி.சி.எஃப். முறையில் வேண்டிய விலையை வரவழைக்கலாம் என்று சீனியர் சிரிக்கிறார். உண்மையா?

பெரும்பாலும் உண்மை. டி.சி.எஃப். என்பது வருங்கால ரொக்க வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டுவது. எக்ஸ்பெல்லருக்கு அப்படி ஐந்து வருஷக் கணக்கு போட்டோம் அல்லவா? கம்பெனிக்கு முடிவே இல்லாத வருஷங்களுக்குப் போட வேண்டும். அடுத்த வருஷ ரொக்க வரவு 10 கோடி, பிறகு ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ச்சி, மூலதனச் செலவு 12 சதவீதம் என்றால், 12இல் 5 போக மிஞ்சும் 7 சதவீதத்தால், அதாவது 0.07ஆல், 10ஐ வகுத்து வரும் 143 கோடிதான் மதிப்பு. வளர்ச்சியை 6 ஆக்கினால் 167 கோடி. மூலதனச் செலவையும் 11க்கு இறக்கினால் 200 கோடி. இரண்டு எண்களை ஒவ்வொரு சதவீதம் நகர்த்தியதில் 57 கோடி முளைத்துவிட்டது.

அதற்காக முறையைத் தூக்கிப்போட வேண்டாம். எந்த அனுமானத்தில் விலை தொங்குகிறது என்பதை அது பச்சையாகக் காட்டிவிடுகிறது. யாராவது ஒரே ஒரு எண்ணை மட்டும் கொண்டுவந்து நீட்டினால், வளர்ச்சி எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேளுங்கள்.

பேங்கர் யார் பக்கம்? விற்பவர் பக்கமா, நம் பக்கமா?

கட்டணம் கொடுப்பவர் பக்கம். ஐ.பி.ஓ.வில் கம்பெனியும் பங்கை விற்பவர்களும் கொடுக்கிறார்கள். ஒரு கம்பெனியை வாங்கும் பேரத்தில், பேரம் முடிந்தால்தான் பெரும்பகுதிக் கட்டணம் வரும். ‘இதை வாங்காதீர்கள்’ என்று சொல்லும் பேங்கருக்கு அன்றைக்குக் கிடைப்பது குறைவு. ஆனால் விலையை மட்டுமீறி வைத்து முதலீட்டாளரைச் சுட்டுவிட்டால், அடுத்த வெளியீட்டுக்கு அதே மியூச்சுவல் ஃபண்ட் மேலாளர்கள் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில்தான் விலை நிற்கிறது. நல்ல எண்ணத்தை நம்பி எதுவும் நிற்கவில்லை.

சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் பன்னிரண்டு வரை படித்தேன். இந்த வேலைக்குப் போக முடியுமா?

முடியும். ஆனால் மொழியைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். முதலீட்டுப் பகுப்பாய்வு வேலைக்கான, மூன்று நிலை உள்ள சி.எஃப்.ஏ. தேர்வு ஆங்கிலத்தில்தான். நாம் வீட்டில் தமிழும் தாலுகா அலுவலகத்தில் மலையாளமும் பேசிப் பழகியவர்கள், மூன்றாவது மொழி நமக்குப் பெரிய மலையல்ல. கணக்கியலில் தேறியவருக்கு இந்தத் துறையின் ஆங்கிலம் சில நூறு சொற்கள்தான்.

நேரே மும்பை பேங்க்குகளில் சேருபவர்கள் பெரும்பாலும் பெயர்பெற்ற எம்.பி.ஏ. கல்லூரிகளிலிருந்தும், சி.ஏ.வில் முன்னணியில் தேறியவர்களிலிருந்தும் வருகிறார்கள். அது குறுகலான வாசல். கம்பெனிகளின் நிதிப் பிரிவு, ஆடிட் நிறுவனங்களின் விலைமதிப்பீட்டுப் பிரிவு, கடன் தர மதிப்பீட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு வங்கிகளின் பெங்களூரு அலுவலகங்கள் எல்லாம் அகலமானவை. கஞ்சிக்கோட்டு ஆலை ஒன்றின் நிதிப் பிரிவில் இரண்டு வருஷம் இருந்தவருக்கு நடைமுறை மூலதனத்தைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

வாரத்துக்கு நூறு மணி நேர வேலை என்பது கட்டுக்கதையா?

இல்லை. 2021இல் கோல்ட்மேன் சாக்ஸின் முதலாண்டுப் பணியாளர்கள் 13 பேர் தயாரித்த கருத்துக்கணிப்பு வெளியே கசிந்தது. அவர்கள் சொன்ன சராசரி வாரத்துக்கு 95 மணி நேரம். பேரம் முடியும் தேதியை வாடிக்கையாளர் வைக்கிறார், எண்கள் கடைசி இரவுவரை மாறுகின்றன. கம்பெனிக்குள் இருக்கும் நிதி வேலை இவ்வளவு கொடுமையல்ல, காலாண்டு முடிவுகள் வரும் வாரங்களைத் தவிர.

செலவில்லாமல் எங்கிருந்து தொடங்குவது?

செபியின் இணையதளத்தில் வெளியீட்டு ஆவணங்கள் எல்லாம் இலவசம். உங்களுக்குத் தெரிந்த தொழிலிலுள்ள கம்பெனி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நானூறு ஐந்நூறு பக்கம் இருக்கும், மிரள வேண்டாம். முதலில் ‘வெளியீட்டின் நோக்கங்கள்’ அத்தியாயம். பணம் யாருக்கு, எதற்கு என்பதும், மெர்ச்சன்ட் பேங்கருக்கு எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். அடுத்து ஆபத்துக் காரணிகளில் முதல் பத்து. பிறகு ரொக்க ஓட்ட அறிக்கை, மூன்று வருஷத்துக்கும். கடைசியாக, நிலுவையிலுள்ள வழக்குகள்.

விலைமதிப்பீட்டுக்கு நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் தன் வகுப்பு விரிவுரைகளையும் தரவுகளையும் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறார். சென்னை லயோலாவில் பி.காம். படித்தவர், பேச்சு தெளிவாக இருக்கும். பக்கத்தில் ஒரு எக்செல் தாளைத் திறந்துவைத்து, அவர் போடும் ஒவ்வொரு எண்ணையும் நீங்களும் போட்டுக்கொண்டே கேளுங்கள்.